கேள்வி-பதில்: துப்பாக்கியும் பையும்

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் நாஜிகளை எதிர்த்த தலைமறைவு இயக்கங்களில் பெண்கள் இருந்தார்கள் சரி, ஆனால் கடிதம் கொண்டுபோவது, ஆளை ஒளித்துவைப்பது என்று உதவிதானே செய்தார்கள்? யாராவது துப்பாக்கி எடுத்தார்களா?

பதில்: எடுத்தார்கள். நெதர்லாந்தில் ஹார்லெம் நகரத்தின் ஹன்னி ஸ்காஃப்ட் சட்டம் படித்த மாணவி. ஜெர்மானியருக்கு விசுவாசமாக இருப்பேன் என்று கையெழுத்துப் போட மறுத்துப் படிப்பையே விட்டவர். ஓவர்ஸ்டீகன் சகோதரிகள் ட்ரூஸ், ஃப்ரெடி இருவரும் இந்த வேலைக்கு வந்தபோது பதின்வயதுப் பெண்கள். நாஜி அதிகாரிகளையும் காட்டிக்கொடுத்தவர்களையும் இவர்கள் தேடிப்போய்ச் சுட்டார்கள். ஆனால் ஹன்னி எப்படிப் பிடிபட்டார் தெரியுமா? 1945 மார்ச்சில், தடைசெய்யப்பட்ட பத்திரிகைகளைப் பையில் வைத்துக்கொண்டு போனபோது, ஒரு சோதனைச் சாவடியில். தேடப்பட்டு வந்த அந்தச் செந்நிறக் கூந்தலுக்குக் கறுப்புச் சாயம் பூசியிருந்தார், வேரில் நிறம் காட்டிக்கொடுத்துவிட்டது. ஏப்ரல் 17 அன்று மணல்மேட்டில் சுட்டுக் கொன்றார்கள். வயது 24. பதினெட்டே நாளில் நாடு விடுதலையானது.

அதனால்தான் 'உதவிதானே' என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. துப்பாக்கி வைத்திருப்பவராவது திருப்பிச் சுடலாம், பையில் காகிதம் வைத்திருப்பவருக்கு அதுவும் கிடையாது. நூர் இனாயத் கானை எடுத்துக்கொள்ளுங்கள். 1943 ஜூனில் பிரிட்டன் அவரை வயர்லெஸ் இயக்குபவராகப் பிரான்ஸுக்கு அனுப்பியது, போய்ச் சேர்ந்த சில நாட்களில் கூட்டாளிகள் வரிசையாகப் பிடிபட்டார்கள், திரும்பி வந்துவிடு என்று சொல்லியும் அவர் வரவில்லை. ஒலிபரப்பினால் அலையைப் பிடித்து இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால், கருவியோடு வீடு மாறி மாறி அக்டோபர் வரை பாரிஸிலிருந்து செய்தி அனுப்பினார். அந்த மாதம் பிடிபட்டார். மறுவருடம் செப்டம்பரில் ஜெர்மனியின் டாக்காவ் வதைமுகாமில் அவரைக் கொன்றார்கள்.

கேள்வி: போர் முடிந்தபின் இவர்களுக்கு உரிய மரியாதை கிடைத்ததா?

பதில்: பிரான்ஸை மட்டும் சொல்கிறேன். விடுதலைப் போரில் முன்நின்றவர்களுக்கு, அந்தப் போரை வழிநடத்திய பிரெஞ்சுத் தலைவர் டி கோல் உருவாக்கிய மிக உயர்ந்த விருதைப் பெற்ற தனிநபர்கள் 1,038 பேர், அதில் பெண்கள் 6. அந்த ஆறிலும் நான்கு பேர் போர் முடியும் முன்பே உயிரிழந்தவர்கள். மேரி-மடலீன் ஃபூர்காட், தலைவர் கைதானதும் சுமார் 3,000 பேர் கொண்ட 'அலையன்ஸ்' உளவு வலையமைப்பைத் தலைமையேற்று நடத்தியவர், 1944இல் பிடிபட்டபோது சிறை ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே உடம்பை நுழைத்துத் தப்பியவர். அந்த ஆறு பெயர்களில் அவர் பெயர் இல்லை.