ஐஸ்லாந்தை ஏழே நாளில் சுற்றிவிட முடியுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நானும் என் கணவரும் கோவையில் இருக்கிறோம். கல்யாணமாகிப் பத்து வருஷம் நிறைவதை ஒட்டி, வரும் செப்டம்பர் கடைசியில் ஐஸ்லாந்து போகலாம் என்று ஆசை. அவருடைய கல்லூரி நண்பர்கள் இரண்டு பேர் மியூனிக்கில் வேலையில் இருக்கிறார்கள், அவர்களும் மனைவியோடு வருகிறார்கள், ஆக மூன்று ஜோடி, ஆறு பேர். ஒரே வேன் எடுத்து ஏழு நாளில் தீவை முழுச்சுற்று சுற்றுவது, தினம் ஒரு ஊரில் தங்குவது என்று நண்பர்கள் திட்டம் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். என் கணவருக்கு அங்கே கார் ஓட்ட ரொம்ப ஆசை, ஆனால் இந்தியாவுக்கு வெளியே அவர் ஓட்டியதே இல்லை. எனக்கோ, இவ்வளவு செலவு செய்து போகிற இடத்தில் அவரோடு தனியாகக் கொஞ்ச நேரம்கூடக் கிடைக்காமல் போய்விடுமோ என்று உள்ளுக்குள் ஓர் உறுத்தல். இதை எப்படிச் சொல்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: முதலில் அந்த ஏழு நாள் கணக்கைப் பார்த்துவிடுவோம், உங்கள் கவலையில் பாதி அதிலிருந்துதான் வருகிறது. தீவைச் சுற்றி ஓடும் ஒன்றாம் எண் சாலையின் நீளம் சுமார் 1,320 கிலோமீட்டர். ஏழால் வகுத்தால் நாளைக்கு 190 கூட வராது, நம் ஊரில் கோவையிலிருந்து சேலம் போகிற தூரம்தானே என்று தோன்றும். ஆனால் பார்க்க வேண்டிய இடங்கள் எல்லாம் அந்தச் சாலை மேலேயே இல்லை. டெட்டிஃபோஸ் அருவிக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் உள்ளே போய்த் திரும்ப வேண்டும், திங்வெட்லிர் தேசியப் பூங்கா, கெய்சிர் வெந்நீர் ஊற்று, குட்ல்ஃபோஸ் அருவி மூன்றையும் பார்ப்பதற்கு ஒரு நாள் தனியாகப் போய்விடும். தார்ச்சாலையில் வேக வரம்பு 90, சரளைச் சாலையில் 80. ஆறு பேர் இறங்கி, போட்டோ எடுத்து, கழிப்பறை போய், ஜாக்கெட்டை மாட்டிக் கழற்றி, மறுபடி வண்டியில் ஏறுவதற்குள் ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு மணி நேரம். செப்டம்பர் கடைசியில் பகல் வெளிச்சம் ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம்தான். காலையில் பெட்டி கட்டுவது, இரவில் பெட்டி பிரிப்பது, நடுவில் ஓட்டம், இதில் நீங்கள் உங்கள் கணவரோடு எப்போது பேசுவது?

இன்னொன்றும் இருக்கிறது. அந்தச் சாலை முழு வட்டமானதே 1974-இல்தான். கடைசியாக இணைந்த துண்டு தெற்கில் ஸ்கெய்தாரார்சாண்டுர் என்ற கறுப்பு மணல் வெளி, வாட்னயோகுல் பனிமலையிலிருந்து கிளம்பும் ஆறுகள் இஷ்டத்துக்குத் தடம் மாற்றிக்கொண்டு ஓடுகிற இடம். 1996-இல் பனிக்கு அடியில் எரிமலை வெடித்து, உருகிய நீர் மொத்தமாக வெளியே பாய்ந்தபோது அங்கே ஒரு பாலத்தையே அடித்துக்கொண்டு போனது. முறுக்கிய கயிறு போல வளைந்து கிடக்கும் அதன் இரும்பு உத்தரங்களை ஸ்காஃப்டாஃபெட்ல் அருகே சாலையோரத்திலேயே வைத்திருக்கிறார்கள், இறங்கிப் போய்த் தொட்டுப் பாருங்கள். 2011 ஜூலையில், சுற்றுலா உச்சத்தில் இருக்கும்போது, விக் ஊருக்குப் பக்கத்தில் இதே போல ஒரு பாலம் போனது. இதெல்லாம் அடிக்கடி நடப்பதல்ல, ஆனால் காற்று பலமாக வீசினால் சாலையை மூடுவது அங்கே சாதாரணம், செப்டம்பர் கடைசியில் வடக்கு மலைப்பாதைகளில் பனி விழுவதும் உண்டு. முழுச்சுற்றுத் திட்டத்தில் ஒரு நாள் நகர முடியாமல் போனால் பின்னால் முன்பதிவு செய்த அறைகள் வரிசையாகக் கையை விட்டுப் போகும், அப்புறம் விமானத்தைப் பிடிக்க இரவெல்லாம் ஓட்ட வேண்டியதுதான்.

அதனால் என் யோசனை: பத்து நாளுக்குக் குறைவாக இருந்தால் முழுச்சுற்று வேண்டாம். ஏழு நாள்தான் என்றால் தெற்குக் கரையோடு தென்கிழக்கில் இருக்கும் ஹோஃப்ன் ஊர் வரை போய் அதே வழியில் திரும்புங்கள், தலைநகர் ரேக்யவிக்கிலிருந்து ஒரு வழி சுமார் 460 கிலோமீட்டர். மிவாட்ன் ஏரி, டெட்டிஃபோஸ், மலைகளுக்கு நடுவே கடல் உள்ளே நீளும் கிழக்குக் கடற்கழிகள் எல்லாம் விட்டுப்போகும், டெட்டிஃபோஸைப் பார்க்காதது இழப்புதான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அதற்குப் பதிலாகக் கிடைப்பது என்ன என்று பாருங்கள். போகும்போது மழையில் நனைந்த செல்யாலண்ட்ஸ்ஃபோஸுக்கு வரும்போது வெயிலில் இன்னொரு தடவை போகலாம், அருவிக்குப் பின்னால் நடந்து போகிற பாதை அங்கே இருக்கிறது, நல்ல மழைக்கோட்டு இல்லாமல் போகாதீர்கள். விக் பக்கம் இரண்டு இரவு, ஹோஃப்ன் பக்கம் இரண்டு இரவு என்று தங்கினால் தினம் பெட்டி கட்டும் தொல்லை போய்விடும்.

ஹோஃப்ன் பக்கம் இரண்டு இரவு என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் யோகுல்சார்லோன் ஏரி. பனிமலையின் நாக்கு பின்வாங்கப் பின்வாங்க 1930-களில் உருவாகத் தொடங்கிய ஏரி அது, இன்றும் பெரிதாகிக்கொண்டே போகிறது. வீட்டளவு பனிக்கட்டிகள் உடைந்து மிதக்கும், திடீரென்று ஒன்று புரண்டுகொள்ளும், அப்போது மேலே வருகிற அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழவென்று கரும்நீலமாக இருக்கும், காற்றுப் பட்டு வெளுக்கும் வரைதான் அந்த நிறம். குட்டையான ஓர் ஆறு வழியாகக் கட்டிகள் கடலுக்குப் போகின்றன, அலை அவற்றைத் திருப்பிக் கறுப்பு மணலில் போடுகிறது. கடல் ஏறும்போது ஒரு காட்சி, இறங்கும்போது வேறு காட்சி, சீல்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மூழ்கும். அரை மணி நேரம் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்புகிற இடமே இல்லை அது. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, இருவர் மட்டும் போய் உட்காருங்கள்.

அந்தத் தனிமைக்குத்தான் ஒரே வேன் வேண்டாம், இரண்டு கார் எடுங்கள் என்கிறேன். செலவு கொஞ்சம் கூடும், கூடட்டும். மியூனிக் நண்பர்கள் இருவரும் ஐஸ்லாந்தில் ஓட்டுவது போலவே சாலையின் வலப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள், ஆளுக்கொரு கார். உங்கள் கணவரின் ஆசையையும் நான் தள்ளவில்லை. இங்கே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்துவிட்டு, வாடகை ஒப்பந்தத்தில் கூடுதல் ஓட்டுநராகப் பெயரையும் சேர்த்துவிடச் சொல்லுங்கள், பெயர் இல்லாமல் ஓட்டினால் காப்பீடு செல்லாது. காற்றில்லாத ஒரு நாளில், விக் தாண்டி வருகிற நீண்ட நேர்ச்சாலையில், நண்பர் பக்கத்தில் உட்கார அவர் ஓட்டட்டும். விமான நிலையத்திலிருந்து முதல் நாள் தூக்கக் கலக்கத்தோடு ஓட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

அவர் பழகிக்கொள்ள வேண்டியவை சில. ஒற்றைத் தடப் பாலங்கள் நிறைய, முதலில் யார் பாலத்தை நெருங்குகிறாரோ அவருக்கு வழி என்பது அங்கத்திய வழக்கம், சந்தேகமாக இருந்தால் நின்று விட்டுவிடுவது நல்லது. பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும், சட்டம் அது. ஆடுகள் சாலையோரத்தில் மேயும். தாய் ஒரு பக்கம், குட்டி எதிர்ப் பக்கம் நின்றால் வேகத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட வேண்டும், வண்டி நெருங்கும் நேரம் பார்த்துக் குட்டி தாயிடம் ஓடிவரும். செப்டம்பரில் மலையிலிருந்து மந்தைகளை இறக்கி ஓட்டி வருவார்கள், சாலை முழுக்க ஆடாக இருந்தால் ஹாரன் அடிக்காமல் காத்திருங்கள். அப்புறம் காற்று. வண்டியைக் காற்றைப் பார்த்த மாதிரி நிறுத்தி, ஒரு கையால் கதவின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மெதுவாகத் திறக்க வேண்டும். பக்கவாட்டில் நிறுத்திச் சட்டென்று திறந்தால் காற்று கதவைப் பிடுங்கிக் கீலையே மடக்கிவிடும், பெரும்பாலான காப்பீடுகளில் இந்தச் சேதம் சேராது. பின் சீட்டில் இருப்பவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள், கதவு போவது பெரும்பாலும் அவர்கள் கையில்தான்.

நண்பர்களிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டீர்கள். நீங்கள் சொல்ல வேண்டாம். நண்பர்கள் அவருடையவர்கள், பேச வேண்டியவரும் அவர்தான். முதலில் உங்கள் மனதில் இருப்பதை எனக்கு எழுதிய மாதிரியே அவரிடம் சொல்லுங்கள், பத்து வருஷம் சேர்ந்து வாழ்ந்தவருக்கு இதில் தப்பாக எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அவர் நண்பர்களிடம், “ஹோஃப்ன்ல ஒரு நாள் அவங்கவங்க பாட்டுக்கு இருக்கலாம்டா, ராத்திரி சாப்பாட்டுக்குச் சேர்ந்துக்கலாம்” என்று சொன்னால் போதும். மியூனிக் தம்பதிகளும் வேலை, வீடு என்று ஓடுகிறவர்கள்தான், அவர்களுக்கும் அந்த ஒரு நாள் தேவைப்படும், வாய்விட்டுக் கேட்கத்தான் யாருக்கும் தயக்கம்.

கிளம்பும் முன்பே இன்னும் இரண்டு விஷயத்தைப் பேசி முடித்துவிடுங்கள். ஓட்டுகிறவர் “இன்றைக்கு இதற்கு மேல் போக வேண்டாம்” என்றால் அதற்கு மறுபேச்சு இல்லை, பின் சீட்டிலிருந்து “இன்னும் ஒரே ஒரு அருவி” என்று யாரும் கெஞ்சக் கூடாது. அடுத்தது பணம். பெட்ரோல், மளிகை, பார்க்கிங் எல்லாவற்றையும் ஒருவர் குறித்து வைத்து அன்றன்றைக்கு இரவே கணக்குத் தீர்த்துவிட வேண்டும். அங்கே ரொக்கத்துக்கு வேலையே இல்லை, ஆளில்லாத பெட்ரோல் பங்குகளில் ரகசிய எண் (PIN) போட்டுப் பயன்படுத்தும் அட்டை கட்டாயம், அதனால் யாரோ ஒருவர் அட்டையிலேயே எல்லாம் ஏறிக்கொண்டிருக்கும். நல்ல சிநேகிதங்கள் பயணத்தில் கசந்துபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கேள்வி: நாங்கள் சைவம். அங்கே பட்டினி கிடக்க வேண்டுமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: பட்டினி எல்லாம் இல்லை, ஆனால் தினம் மூன்று வேளையும் ஓட்டலில் சாப்பிட்டால் பயணச் செலவே இரட்டிப்பாகிவிடும். சமையலறை உள்ள விடுதியாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள், தெற்குக் கரையில் நிறைய உண்டு. போனுஸ், க்ரோனன் என்ற கடைகளில் அரிசி, காய்கறி, ரொட்டி, ஸ்கீர் என்கிற கெட்டித் தயிர் எல்லாம் கிடைக்கும், ரேக்யவிக்கை விட்டுக் கிளம்பும்போதே பெரிய கடையில் வாங்கிவிடுங்கள், சின்ன ஊர்களில் கடை சீக்கிரம் மூடிவிடும். பொடி வகைகள், ஊறுகாய் கொண்டுபோகலாம், ஆளுக்குக் குறிப்பிட்ட அளவு உணவுப்பொருள் வரை வரியில்லை. தாளிக்கும் முன் ஜன்னலைத் திறந்துவிடுங்கள், கடுகு வெடித்த புகைக்கே அலாரம் அலறும். குழாயில் வரும் குளிர்ந்த தண்ணீரை அப்படியே குடிக்கலாம், பாட்டில் வாங்குவது வீண். வெந்நீரில் முட்டை வாடை அடிக்கும், பூமிக்கடியிலிருந்து வருகிற கந்தகம் அது, குளிக்க ஒன்றும் செய்யாது.

கேள்வி: துருவ ஒளி பார்க்க எந்த மாதம்? எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: செப்டம்பர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை. கோடையில் இரவே இருட்டாது என்பதால் தெரியாது. எல்லோரும் ஒளி எவ்வளவு வலுவாக இருக்கும் என்று சொல்கிற கணிப்பு எண்ணைத்தான் பார்க்கிறார்கள், அதைவிட முக்கியம் மேகம். ஐஸ்லாந்து வானிலை அலுவலகத்தின் தளத்தில் மேகப் படம் போடுவார்கள், அதில் வெள்ளையாக இருக்கிற இடம் தெளிந்த வானம். தென்பட்டால் தயவுசெய்து சாலையில் வண்டியை நிறுத்தாதீர்கள். அந்தச் சாலைகளில் ஓரத்தில் ஒதுங்க இடமில்லை, பின்னால் இருட்டில் வருகிறவருக்கு உங்கள் வண்டி தெரியாது. நிறுத்துமிடம் வரும்வரை போங்கள், அந்த ஐந்து நிமிடத்தில் ஒன்றும் ஓடிவிடாது. எத்தனை நாள் என்று யாராலும் சொல்ல முடியாது.

கேள்வி: இரண்டு சின்னப் பிள்ளைகளோடு போகிறோம். விக் அருகே கறுப்பு மணல் கடற்கரை ஆபத்து என்கிறார்களே?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: ஆமாம், ஆபத்துதான். நீங்கள் கேட்கிற ரெய்னிஸ்ஃப்யாரா கடற்கரையில் பல உயிர்கள் போயிருக்கின்றன. நீங்கள் கடலோரத்துக்காரர், அலை எனக்குத் தெரியும் என்று நினைப்பீர்கள், ஆனால் அங்கே ஏழெட்டு அலை அமைதியாக வந்துவிட்டு அடுத்தது மட்டும் திடீரென்று பல மீட்டர் உள்ளே ஏறிவிடும், காலை இழுத்துவிட்டால் குளிர்ந்த தண்ணீரில் மீள்வது கடினம். எச்சரிக்கை விளக்கு வைத்திருக்கிறார்கள். சிவப்பு எரிந்தால் இறங்கவே வேண்டாம், மஞ்சள் என்றாலும் பிள்ளைகள் கையை விடாதீர்கள், கடலுக்கு முதுகு காட்டிப் போட்டோ வேண்டாம். பிள்ளைகள் கையை உதறிக்கொண்டு ஓடுகிற வயது என்றால் பக்கத்தில் டிர்ஹோலேய் மேட்டுக்குப் போய், வேலிக்கு இந்தப் பக்கமிருந்தே அதே கடற்கரையைப் பார்த்துவிடலாம்.

கேள்வி: அங்குள்ள நீச்சல் குளங்களில் உடையில்லாமல் குளித்துவிட்டுத்தான் இறங்க வேண்டுமாமே, உண்மையா?
– வாசகி, மதுரை

பதில்: உண்மைதான். ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி அறை. சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, அப்புறம்தான் நீச்சல் உடை. தண்ணீரில் குளோரின் குறைவாகக் கலக்கிறார்கள், அதனால் இதில் கண்டிப்பு. நமக்குக் கூச்சமாக இருக்கும், அங்கே யாரும் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை. சில குளங்களில் தடுப்பு வைத்த ஷவர் உண்டு, கவுண்டரில் கேளுங்கள். இதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள், நாளெல்லாம் காற்றில் அலைந்துவிட்டு மாலையில் வெந்நீர்த் தொட்டியில் உள்ளூர்க்காரர்களோடு உட்காருவது அந்த ஊரின் பெரிய சுகம்.

கேள்வி: விசா ஐஸ்லாந்துக்கு எடுப்பதா, ஜெர்மனிக்கா? முதலில் நண்பர் வீட்டில் ஐந்து நாள் தங்குகிறோம்.
– வாசகர், திருச்சி

பதில்: இரண்டும் ஷெங்கன் என்ற பொது விசா ஒப்பந்தத்தில் உள்ள நாடுகள், ஒரே விசா போதும். அதிக நாள் எங்கே தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஜெர்மனியில் ஐந்து நாள், ஐஸ்லாந்தில் ஏழு நாள் என்றால் ஐஸ்லாந்து. இரண்டும் சமமாக இருந்தால் முதலில் இறங்கும் நாடு. ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கோடையில் நேர ஒதுக்கீடு கிடைப்பது சிரமம், சீக்கிரம் தொடங்குங்கள். அறை முன்பதிவெல்லாம் ரத்து செய்யக்கூடியதாகவே எடுங்கள்.