மாற்றியமைத்த காரைத் தினமும் ஓட்டுபவர் பின்பக்கத்துக்கு எந்த சஸ்பென்ஷன் புஷ் போடலாம்?

புஷ் என்பது பின்சக்கரத்தைத் தாங்கும் ஆர்மும் காரின் உடலும் சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் உருளை. அதிர்வைத் தடுக்கும், ஆர்மை அசையவும் விடும். வளைவில் வேகமாகத் திரும்பினால் ரப்பர் நசுங்கி, சக்கரத்தின் கோணம் லேசாக மாறும். மெத்துச் செருப்போடு ஓடினால் கால் பிசகுமே, அந்த மாதிரி.

ரப்பருக்குப் பதிலாகப் போடும் பாலியூரித்தேன் (ரப்பரைவிடக் கடினமான செயற்கைப் பொருள்) அவ்வளவு நசுங்காது. ஆனால் கிரீஸ் காய்ந்தால், வீவக (சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் மேட்டுக்கு மேடு கீச்சிடும். அப்புறம், பல திசையில் அசைய வேண்டிய ட்ரெய்லிங் ஆர்மில் (சக்கரத்துக்கு முன்னால் காரின் உடலோடு சேரும் நீள ஆர்ம்) அது இறுகிப் பிடிக்கும். அங்கே சற்றுக் கடினமான ரப்பரே என் தேர்வு. ஒரே அச்சில் சுழலும் இடத்துக்குப் பாலியூரித்தேன் சரி.

கடினமான புஷ் போட்டால் சாலைப்பிடிப்பு தானாகக் கூடிவிடாது; பிடிப்பு டயருடையது, புஷ் சக்கரத்தின் கோணத்தைத்தான் காக்கிறது.