பாலத்தில் வரும் படபடப்பு

ஆலோசகருக்கு வணக்கம்.

எனக்கு வயது 38. வீடு பட்டர்வொர்த்தில், வேலை பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு எலக்ட்ரானிக் பாக்டரியில், நைட் ஷிப்ட். அப்பா நெஞ்சு வலியில் தவறி எட்டு மாதமாகிறது. அதற்குப் பிறகு பாக்டரி பஸ் பினாங்குப் பாலத்தில் ஏறினாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது, செத்துவிடுவேனோ என்று பயம். கந்த சஷ்டி கவசத்தை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்க்கிறேன். பாதியில் வரி மறந்துவிடுகிறது. மாமியாரோ, "மனசு ஒட்டிச் சொன்னா முருகன் கைவிடுவாரா? உனக்கு நம்பிக்கை பத்தல" என்கிறார். நேர்ந்துகொண்டு தண்ணீர்மலை முருகன் கோவிலின் 513 படியும் ஏறினால் பலம் வருமா?

வாசகி, பட்டர்வொர்த்

சகோதரி,

பயம் ஏறி நிற்கும்போது பெற்ற பிள்ளையின் பெயரே சட்டென்று வாயில் வராது. வரி மறந்ததற்கு நம்பிக்கையைக் குறை சொல்லாதீர்கள். தேவராய சுவாமிகள் கவசத்தில் என்ன கேட்கிறார்? கண், செவி, கழுத்து, மார்பு, விரல் என்று ஒவ்வோர் உறுப்பாகச் சொல்லி முருகனின் வேலைக் காவலுக்கு அழைக்கிறார். பேய், பாம்பு, தேள், நோய் என எதையும் விடவில்லை. பயமே இல்லாதவருக்குக் கவசம் எதற்கு? மாமியார் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனாலும் இருக்கிற பயத்தோடு குற்றவுணர்வையும் சேர்த்துச் சுமக்க வைத்துவிட்டார்.

நீங்கள் சொல்வது பெனிக் அட்டாக், அதாவது திடீரென்று வரும் கடும் பயம், போலத் தெரிகிறது. பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானே இறங்கும். ஆனால் கடிதத்தைப் படித்து நான் முடிவுகட்டக் கூடாது, அதுவும் அப்பா நெஞ்சு வலியில் போயிருக்கும்போது. முதலில் அரசாங்க கிளினிக்குக்குப் போய் ஈசிஜி, இரத்தசோகை, தைராய்டு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பதிவுக்கு 1 ரிங்கிட்தான். வேலைக்குக் கிளம்பும் முன் கோப்பி-ஓ (பால் இல்லாத காப்பி) குடிக்கும் பழக்கமிருந்தால் நிறுத்திப் பாருங்கள். படபடப்பை அதுவும் கூட்டும்.

பஸ்ஸில் முழுக் கவசமும் வேண்டாம். மார்பில் கை வைத்து, மூச்சை இழுக்கும்போது "முருகா", விடும்போது "காப்பாற்று". விடுகிற மூச்சு நீளமாக இருக்கட்டும்.

இன்னொன்று. இவ்வளவு எழுதியவர் அப்பாவுக்கு ஒரே ஒரு வரிதான் கொடுத்திருக்கிறீர்கள். அவருக்காக உட்கார்ந்து அழுதீர்களா? வீட்டில் முடியாவிட்டால், மனக்கஷ்டத்தைக் கேட்கும் உதவி அமைப்பான பிஃபிரெண்டர்ஸ் 03-7627 2929 எண்ணில் 24 மணி நேரமும் பேசலாம்.

கிளினிக்கில் சரி என்றால் தண்ணீர்மலைக்குப் போய் வாருங்கள், வெயிலுக்கு முன்னால். மூச்சு வாங்கினால் நடுப்படியில் உட்காருங்கள். முருகன் கணக்குப் பார்க்கமாட்டார்.