கிளவுஸை முதலில் திருப்பிக் கொடுங்கள்

அம்மா, நியூஜெர்சியிலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தைப் படித்தேன். பத்தாம் வகுப்பு மகன், ஸ்கூல் பேஸ்பால் டீமில் ஷார்ட்ஸ்டாப், அதாவது உள்வட்டத்தில் நிற்கும் ஃபீல்டர். காலேஜே வேண்டாம், பேஸ்பால்தான் என்று நிற்கிறான். கோபத்தில் அவன் அப்பா கிளவுஸை ஒளித்து வைத்துவிட்டார். அதை இன்றே எடுத்துக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். ஒளித்து வைத்து எந்தப் பிள்ளையும் புத்தகத்தைத் தொட்டதில்லை.

அவனிடம் அந்தக் கால அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர் ஜான் மான்ட்கோமரி வார்டைப் பற்றிப் பேசுங்கள். வார்டு 18 வயதில், 1878இல், பிராவிடன்ஸ் அணிக்குப் பிட்சராக, அதாவது பந்து எறிபவராக வந்தவர். 1880இல் ஒரு ஆட்டத்தில் எதிரணியின் ஒருவரைக்கூட முதல் பேஸை, அதாவது அடித்துவிட்டு ஓடித் தொட வேண்டிய முதல் இடத்தைத் தொடவிடவில்லை. நாலே வருஷம், 1884இல் வலது கை அடிபட்டது. மனுஷன் வீட்டில் உட்காரவில்லை, சென்டர் ஃபீல்டில், அதாவது மைதானத்தின் பின்பகுதி நடுவில் நின்று இடது கையால் எறிந்தார்! அடுத்த வருஷம் நியூயார்க் அணியின் ஷார்ட்ஸ்டாப்.

உங்கள் மகனுக்கு இதுவரை பிடிக்கும். மிச்சத்தையும் சொல்லுங்கள். ஆடிக்கொண்டே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து 1885இல் பட்டம் வாங்கினார். அதே வருஷம் ஆட்டக்காரர்களுக்குச் சங்கம் அமைத்தார். அன்றைக்கு ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரர் வேறு அணிக்குப் போக முடியாது. பிறகு அணி முதலாளிகள் சம்பளத்துக்கு 2,500 டாலர் என்று உச்சவரம்பும் போட்டார்கள். பொறுக்க முடியாமல் ஆட்டக்காரர்கள் 1890இல் தனி லீக்கே தொடங்கினார்கள். அது ஒரே சீசனில் படுத்துவிட்டது. 1894இல், 34 வயதில் ஆட்டத்தை விட்ட வார்டு, நேராக வக்கீல் தொழிலுக்குப் போனார்.

இன்றைய நிலவரம்: ஹைஸ்கூல் முடித்ததும் டிராஃப்டில், அதாவது தொழில்முறை அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையில், எடுத்தால் கையெழுத்துப் போடலாம். நாலு வருஷக் காலேஜில் சேர்ந்துவிட்டால், மூன்றாம் வருஷம் முடியும்வரை அல்லது 21 வயதுவரை பொதுவாகக் காத்திருக்க வேண்டும். நேரே கையெழுத்துப் போடுவதானால், பின்னாளில் படிக்கும் செலவை அணி ஏற்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம்.

காலேஜ் பேஸ்பாலில் மேல்மட்டப் பிரிவான டிவிஷன் ஒன்றில் ஆடுவதற்கு ஹைஸ்கூலில் 16 முக்கியப் பாடங்கள் தேவை. அவற்றில் 10, பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும்; அந்தப் பத்தில் ஏழு ஆங்கிலம், கணக்கு, அறிவியல். பத்தாவதிலேயே கணக்குப் பார்க்க இதுதான் காரணம். இந்த வாரம் மகனையும் அழைத்துக்கொண்டு ஸ்கூல் கவுன்சிலரிடம் போய், எத்தனை முடிந்திருக்கிறது என்று அவனையே எண்ணச் சொல்லுங்கள்.