சன்னிவேலில் ஐக்லர் வீடு: ஆசைக்கும் கணக்குக்கும் நடுவே

கேள்வி: நானும் மனைவியும் கலிபோர்னியா சன்னிவேலில் ஐடி வேலையில் இருக்கிறோம். பல வருடமாக ஆசைப்பட்ட ஐக்லர் வீடு (ஜோசப் ஐக்லர் என்ற கட்டுமானத் தொழிலதிபர் கட்டிய பழைய வீடு) ஒன்று 28 லட்சம் டாலருக்கு வந்திருக்கிறது. கம்பெனி ஷேர்களை விற்று 20 சதவீதம் முன்பணம் கட்டலாம். அதற்குப் பிறகு கையில் பெரிதாக எதுவும் மிஞ்சாது. விற்பவர் கட்டும் சொத்து வரி வருடத்துக்கு 4,000 டாலர்தான். இன்ஸ்பெக்‌ஷன் நிபந்தனையை (சோதனையில் பழுது தெரிந்தால் விலகிக்கொள்ளும் உரிமையை) விட்டுக்கொடுத்தால்தான் வீடு கிடைக்கும் என்கிறார் ஏஜென்ட். வாங்கலாமா?

பதில்: இந்தக் கணக்கை நம்பி வாங்காதீர்கள்.

முதலில் அந்த 4,000 டாலரை மறந்துவிடுங்கள். அது விற்பவரின் வரி. 1978-இல் வந்த ப்ராப் 13 என்ற கலிபோர்னியா சொத்து வரிச் சட்டப்படி, வாங்கிய விலைதான் வரிக்கு அடிப்படை. வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் அது ஏறாது. அதனால்தான் பழைய உரிமையாளர்களுக்கு வரி அவ்வளவு குறைவு. வீடு உங்கள் பெயருக்கு மாறியதும் மதிப்பு 28 லட்சமாகிவிடும். உள்ளூர் வரிகளும் சேர்ந்து 1.2 சதவீதம் என்று வைத்தால் வருடத்துக்கு 33,600 டாலர். 22.4 லட்சம் கடனுக்கு 6.5 சதவீத வட்டியில் 30 வருடத் தவணை மாதம் சுமார் 14,160. வரியைச் சேர்த்தால் 17,000-ஐ நெருங்குகிறது, இன்சூரன்ஸ் தனி. ஷேர் விற்ற லாபத்துக்கான வரியையும் முன்பணக் கணக்கில் கழித்தீர்களா?

வீடு அரிதானது என்பதில் சந்தேகமில்லை. ஜோசப் ஐக்லர் கட்டியது மொத்தமே 11,000 வீடுகள் போல. புதிதாக இனி வராது. நடுமுற்றமும் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடியும் எனக்கும் மிகவும் பிடிக்கும். ஆனால் செலவு வைப்பது கண்ணுக்குத் தெரியாத இடங்கள்தான். கான்கிரீட் தரைக்குள் சுடுநீர்க் குழாய்கள் ஓடித்தான் வீடு சூடாகிறது. 1950-களின் தொடக்கத்தில் கட்டிய பல வீடுகளில் அவை இரும்புக் குழாய்கள், துருப்பிடிக்கும். செம்புக் குழாயிலும் கசிவு வரும். தரையை உடைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். அதை விட்டுவிட்டு வேறு ஹீட்டர் போடலாமென்றால், கூரைக்கும் உள்கூரைக்கும் நடுவே காற்றுக் குழாய் கொண்டுபோக இடமே கிடையாது. கூரையோ ஏறக்குறைய தட்டை, மழைநீர் தேங்கும். ஒற்றைக் கண்ணாடி ஜன்னல்கள் குளிரைத் தடுக்காது.

இத்தனையும் தெரிந்துகொண்டு இன்ஸ்பெக்‌ஷனை விட்டுக்கொடுக்க எப்படி மனம் வரும்? ஏஜென்டுக்கு விற்பனை முடிந்தால் கமிஷன். குழாய் வெடித்தால் பில் உங்களுக்கு.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து தங்க மாடி எடுக்கலாம் என்ற எண்ணம் இருந்தால் நகராட்சியில் கேளுங்கள். சன்னிவேலில் பல ஐக்லர் தெருக்களில் ஒரு தளத்துக்கு மேல் அனுமதி இல்லை.

ஆஃபர் கொடுப்பதற்கு முன்பே உங்கள் செலவில் சோதனை செய்ய விற்பவரிடம் அனுமதி கேளுங்கள். ஐக்லர் வீடுகளில் பழகிய ஆளை வைத்து, குழாய்க்கு அழுத்தச் சோதனை, கூரை, மின் பேனல் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பழுதுச் செலவு போக ஆறு மாதத் தவணை வங்கியில் நிற்கிற விலை எதுவோ, அதற்கு மேல் ஒரு டாலர்கூட எழுதாதீர்கள். சோதனைக்கே விடமாட்டேன் என்றால் இந்த வீடு வேண்டாம். அடுத்தது வரும்வரை முன்பணத்தைக் கூட்டுங்கள்.