62 சென்ட்டா, 54 சென்ட்டா?

சகோ, அட்லாண்டாவில் கிடைத்த இரண்டு டெடிகேட்டட் (ஒரே வாடிக்கையாளரின் சரக்கை மட்டும் ஓட்டும்) டிரக் வேலையில் எதை எடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். மைலுக்கு 62 சென்ட் என்பதைப் பார்த்து மயங்க வேண்டாம், நீங்கள் சொன்ன 1,800 மைலுக்கு வாரம் 1,116 டாலர்தான், 54 சென்ட் வேலையில் 2,400 மைல் என்றால் 1,296 வருகிறது. அதோடு முதலாவது, அதாவது 62 சென்ட் வேலை, டாலர் கடைச் (மலிவு விலைக் கடை) சரக்கு, பெரும்பாலும் டிரைவரேதான் இறக்க வேண்டும், கடைக்குப் பின்னால் சந்துக்குள் 53 அடி டிரெய்லரை ரிவர்ஸ் எடுப்பது தனிக் கூத்து. அந்த நேரமெல்லாம் உங்கள் 14 மணி நேரக் கணக்கில்தான் (வேலை தொடங்கியதிலிருந்து அதற்குள் ஓட்டி முடிக்க வேண்டிய நேரம்) ஓடும். இறக்குக்கூலி, காத்திருப்புக்கூலி தனியாக உண்டா? அப்புறம், "வாராவாரம் வீடு" என்பது வெறும் 34 மணி நேர ரீஸ்டார்ட்டா (வார வேலை நேரக் கணக்கைப் புதிதாகத் தொடங்க எடுக்கும் தொடர் ஓய்வு), முழுசாக இரண்டு நாளா? எழுத்தில் வாங்கிவிடுங்கள். முதுகுவலி வேறு இருக்கிறது என்கிறீர்கள், நானாக இருந்தால் இரண்டாவதுதான், ஆனால் மைல் குறைகிற வாரத்துக்கும் குறைந்தபட்ச சம்பளம் தருவார்களா என்று கேட்டுவிட்டு.