'ஃபேர்' என்றால் நியாயமா, நிறமா, சுமாரா? – கேள்வி பதில்

ஆங்கிலத்தில் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு அதைப் பற்றிய சந்தேகங்களைக் கேட்கும் பகுதி இது. இந்த முறை 'ஃபேர்'. கேள்விகளுக்கு ஆங்கில ஆசிரியை பதில் சொல்கிறார்.

கேள்வி: டீச்சர், ஃபேர் என்றால் நியாயம் என்கிறார்கள். சிவப்பு நிறம் என்கிறார்கள். பள்ளியில் ஃபேர் நோட் வேறு வைத்திருந்தோம். எல்லாம் ஒரே சொல்தானா?

பதில்: ஒரே சொல்தான் அம்மா. பழைய ஆங்கிலத்தில் இதற்குக் கண்ணுக்கு இனியது, அழகானது என்று பொருள். அழகு என்றதும் மாசு மறு இல்லாதது என்ற எண்ணமும் கூடவே வந்துவிட்டது. மழையும் புயலும் இல்லாத நல்ல வானிலை ஃபேர் வெதர். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிய பிரதி ஃபேர் காப்பி. நம் ஃபேர் நோட்டும் அந்த வழியில் வந்ததே. ஓரவஞ்சனை இல்லாத விசாரணை ஃபேர் ட்ரையல். எதிர்ச்சொல்லைப் பார்த்தால் இன்னும் தெளியும்: ஃபவுல். மோசமான வானிலையும் ஃபவுல், ஆட்டத்தில் விதியை மீறினாலும் ஃபவுல்.

கேள்வி: அப்படியானால் புக் ஃபேர், பஸ் ஃபேர்?

பதில்: இரண்டுக்கும் இதோடு உறவே இல்லை. சந்தை, கண்காட்சி என்ற பொருளில் வரும் ஃபேர், திருநாளைக் குறிக்கும் 'ஃபேரியா' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. திருவிழா நடக்கும் இடத்தில் கடை போடுவது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தானே. பஸ் கட்டணத்துக்கு எழுத்தே வேறு, ஒலி மட்டும் ஒன்று. பயணம் போவதைக் குறித்த பழைய வினைச்சொல் அது. ஃபேர்வெல்லில் இருப்பதும் அதுதான்.

கேள்வி: அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ஜெனரல் கண்டிஷன்: ஃபேர்' என்று எழுதியிருந்தார்கள். சுமார்தான் என்று எழுதி அனுப்பிவிட்டார்களே என்று அம்மா கலங்கிப்போய்விட்டார்.

பதில்: அம்மாவிடம் தைரியம் சொல்லுங்கள். மருத்துவக் குறிப்பில் இது வழக்கமான சொல். பொதுவாக உடல்நிலை திருப்தியாக இருக்கிறது, அபாயம் ஒன்றும் இல்லை என்பதுதான் பொருள். அமெரிக்க மருத்துவமனைகளில் நோயாளியின் நிலையைச் சொல்ல குட், ஃபேர், சீரியஸ், கிரிட்டிகல் என்று ஒரு வரிசை உண்டு. அங்கே ஃபேர் என்றால் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் சீராக இருக்கிறது, நினைவும் இருக்கிறது, கொஞ்சம் அசௌகரியம் இருக்கலாம் என்று அர்த்தம். மேற்கொண்டு சந்தேகம் இருந்தால் டாக்டரிடமே கேட்டுவிடுங்கள். ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கக் கவலைப்பட வேண்டாம்.

ஆனால் மதிப்பெண் போடும் இடத்தில் கவனம் தேவை. எக்ஸலன்ட், குட், ஃபேர், புவர் என்ற வரிசையில் ஃபேர் கடைசிக்கு முந்தியது, தேறியது என்ற அளவுதான். ரெஸ்யூமேயில் 'ஸ்போக்கன் இங்கிலீஷ்: ஃபேர்' என்று எழுதுகிற பிள்ளைகள் நிறையப் பேர். நன்றாகப் பேசுவேன் என்று நினைத்து எழுதுகிறார்கள், படிப்பவர் சமாளிப்பார் என்று எடுத்துக்கொள்கிறார். நன்றாகப் பேச வருமென்றால் 'குட்' என்றே போடுங்கள்.

கேள்வி: வேலை முடிகிற நேரத்தில் மேனேஜர், 'எ ஃபேர் அமௌன்ட் ஆஃப் வொர்க் இஸ் லெஃப்ட்' என்றார். கொஞ்சம்தான் பாக்கி என்று எடுத்துக்கொண்டேன். சரியா?

பதில்: இல்லை தம்பி, கணிசமாக இருக்கிறது என்கிறார். மதிப்பெண் என்றால் நடுத்தரம். அளவு, தூரம், எண்ணிக்கை என்றால் சற்று அதிகம். 'எ ஃபேர் டிஸ்டன்ஸ்' என்று யாராவது சொன்னால் ஆட்டோ பிடிப்பது நல்லது.

கேள்வி: லண்டனில் கூட வேலை செய்பவரிடம் என் தம்பி ஃபேர் என்று சொன்னேன். முடி பொன்னிறமா என்று கேட்டார்!

பதில்: அவர் கேட்டது சரி. இங்கிலாந்தில் ஒருவரை ஃபேர் என்றால் வெளிர்நிறத் தலைமுடியும் வெளிறிய தோலும் மனதில் வரும். நாம் மாநிறத்துக்கு ஒரு படி மேலே இருந்தாலே ஃபேர் என்கிறோம். பெண் பார்க்கும் விளம்பரங்கள் ஊன்றிய பழக்கம் இது. எனக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. அழகு என்று பொருள்பட்ட சொல் வெளிர் நிறத்துக்குப் பெயரானதால், கறுப்பாக இருக்கும் பிள்ளை அழகில்லை என்ற எண்ணமும் ஒட்டிக்கொண்டது. வகுப்பில் எத்தனையோ பிள்ளைகள் அதனால் குன்றிப்போனதைப் பார்த்திருக்கிறேன். 1975-இல் சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' க்ரீம் 2020-இல் 'க்ளோ அண்ட் லவ்லி' என்று பெயர் மாறியது. நிறத்தைச் சொல்லியே ஆக வேண்டிய இடத்தில் 'லைட்-ஸ்கின்ட்' என்று சொல்லுங்கள். அது நிறத்தை மட்டும் சொல்லும்.

கேள்வி: ஃபேர் ப்ரைஸ், ரீசனபிள் ப்ரைஸ் – வித்தியாசம்?

பதில்: ரீசனபிள் என்றால் கையைக் கடிக்காத விலை. ஃபேர் என்றால் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நியாயமான விலை. நெல்லுக்கு விவசாயி கேட்பது ஃபேர் ப்ரைஸ்.

கேள்வி: 'ஃபேர்லி' எப்போது நியாயமாக, எப்போது ஓரளவு?

பதில்: பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 'ஷி ட்ரீட்டட் அஸ் ஃபேர்லி' என்று வினையைத் தழுவி வந்தால் நியாயமாக. 'ஃபேர்லி ஈஸி' என்று பெயரடைக்கு முன்னால் வந்தால் ஓரளவு. 'ப்ளே ஃபேர்' என்ற தொடரில் மட்டும் 'லி' சேர்க்காதீர்கள், அது அப்படியே நிலைத்துவிட்ட வழக்கு.

கேள்வி: ஒப்புக்கொள்ளும்போது 'ஃபேர் இனஃப்' என்று சொல்லலாமா?

பதில்: நண்பர்களிடம் தாராளமாக. 'சரி, நீ சொல்வதிலும் நியாயம் இருக்கிறது' என்ற தொனி அது. முழு மனதில்லாமல் விட்டுக்கொடுக்கும்போதும் சொல்வார்கள். அதனால் மேலதிகாரியிடம் 'ஐ அண்டர்ஸ்டாண்ட்' பாதுகாப்பானது.

கேள்வி: ஃபேர் கேம் என்றால் நேர்மையான ஆட்டம்தானே டீச்சர்?

பதில்: அதற்குப் பெயர் ஃபேர் ப்ளே. ஃபேர் கேம் வேட்டையிலிருந்து வந்தது; கேம் என்றால் அங்கே வேட்டை விலங்கு. சட்டப்படி வேட்டையாடக்கூடிய விலங்கு ஃபேர் கேம். இன்று, தாராளமாக விமர்சிக்கலாம் என்று எல்லாரும் நினைக்கும் ஆளையோ விஷயத்தையோ அப்படிச் சொல்கிறார்கள். 'பொலிட்டீஷியன்ஸ் ஆர் ஃபேர் கேம்' என்று பத்திரிகையில் வந்தால் அரசியல்வாதிகள் நேர்மையானவர்கள் என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள்.